யாத்திரைக்கு முன் கண்ணாடி தெளியட்டும்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டில் மழைக்குரிய மாதங்கள்; திருவிழாக்களுக்குரிய மாதங்களும் அவையே. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவாலயங்களில் அன்னாபிஷேகம், கார்த்திகை முதல் நாள் தொடங்கும் சபரிமலை மண்டல காலம், திருவண்ணாமலை மகாதீபம் என அடியார்கள் வீட்டைவிட்டுப் புறப்படும் நாள்கள் பலவும் வடகிழக்குப் பருவமழைக்குள்ளேயே அமைந்துள்ளன. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. முன்னோர் நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்ற வழிகளில் இன்று குடும்பங்கள் காரில் செல்கின்றன. புறப்படுமுன் தேங்காய், பழம், கற்பூரம், மாற்றுடை, மருந்து ஆகிய யாவும் மறவாமல் எடுத்து வைக்கப்படுகின்றன. முன்கண்ணாடியின் மேல் சாய்ந்து கிடக்கும் வைப்பரை மட்டும் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

மழையிலும் வகை உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, முருகன் திருத்தலமாகிய மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. அவ்வாண்டு மகாதீபம் ஏற்றப்பட்ட டிசம்பர் 13-க்கும் அந்நாளுக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை. அத்தகைய நாளில் வீட்டிலிருந்தபடியே இறைவனை நினைப்பதே அறிவுடைமை. ஆனால், யாத்திரை செல்வோர் வழியில் எதிர்கொள்ளும் மழை பெரும்பாலும் புயல் மழையன்று. புறப்படும்போது தூறலாக இருந்து, பாதி வழியில் திடீரென்று வலுக்கும் மாலை மழையே அது. அந்த மழையில்தான் நல்ல வைப்பருக்கும் கெட்ட வைப்பருக்கும் உள்ள வேறுபாடு உயிரளவுக்குப் பெரிதாகிறது.

வைப்பரின் தொழில் மிக நுண்ணியது. அதன் ரப்பரின் அடிவிளிம்பு மெல்லிய இதழ் போன்றது. கண்ணாடியின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீரை வழித்துச் செல்லும் அவ்விளிம்பு, ஓரத்தை அடைந்ததும் மறுபக்கம் புரண்டு, திரும்பும் வழியிலும் நீரை வழிக்கும். இவ்வாறு புரள்வதற்கு ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நாள்தோறும் நின்ற வண்டியில் ரப்பர் வறண்டு இறுகிவிடும். இறுகிய விளிம்பு புரளாமல் தத்தித் தத்திச் செல்லும். கடகடவென்று ஒலி எழும். கண்ணாடியில் கோடுகோடாக நீர் தங்கும்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரும் கருவி இதுவே. நியூயார்க் நகரில் பனிமழை பெய்த ஒருநாள், டிராம் ஓட்டுநர் வழி தெரிவதற்காகக் கண்ணாடியைத் திறந்து வைத்துக் குளிரில் நனைந்தபடி ஓட்டியதைக் கண்டார், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பெண்மணி மேரி ஆண்டர்சன். உள்ளிருந்தபடியே நெம்புகோலால் இயக்கக்கூடிய ரப்பர் துடைப்பானை வகுத்து 1903-இல் காப்புரிமை பெற்றார். இன்று நெம்புகோலின் வேலையை மின்மோட்டார் செய்கிறது. கண்ணாடியைத் தொடும் ரப்பர் விளிம்பு மட்டும் மாறவில்லை.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. இரண்டு நொடி பார்வை மறைந்தால், 33 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி அந்த நீர்க்கோடுகளில் பட்டுச் சிதறும். கண்புரை தொடங்கிய முதியவருக்கு அந்தக் கூச்சம் இன்னும் கடுமையானது. அதிலிருந்து கண் மீள்வதற்கு இளைஞரைவிடக் கூடுதல் நேரமும் பிடிக்கும். அறுபது வயதைக் கடந்தும் தாமே வண்டி ஓட்டும் அன்பர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பௌர்ணமிதோறும் குடும்பத்துடன் திருவண்ணாமலை சென்று கிரிவலம் வருபவர். ஓர் ஐப்பசிப் பௌர்ணமியன்று இரவு அவர்கள் திரும்பும் வழியில், செஞ்சிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டியவர் மகன். அவர் பக்கத்து வைப்பர், சரியாகக் கண்ணின் மட்டத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நீரை விட்டுவிட்டுச் சென்றது. எதிரே லாரி வரும்போதெல்லாம் அந்தப் பட்டை ஒளிப்பிழம்பாகி வழியை மறைத்தது. எங்கேனும் நிறுத்தலாம் என்றார் தந்தை. "இன்னும் கொஞ்ச தூரம்தான் அப்பா" என்றார் மகன். அடுத்த லாரி கடந்து போன மறுகணம், சாலையின் இடவோரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்தியபடி அண்ணாமலையை நோக்கி நடந்துகொண்டிருந்த ஐந்தாறு அடியார்கள் வண்டிக்கு மிக அருகில் தென்பட்டனர். மகன் வண்டியை ஒடித்துத் திருப்பினார். எவருக்கும் ஊறு நேரவில்லை. அந்த அடியார்களுள் ஒருவர் கைகூப்பியது, பின்னால் திரும்பிப் பார்த்த ஆசிரியருக்குத் தெரிந்தது. வீடு சேரும் வரை காரில் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் தந்தையும் மகனும் மெக்கானிக் பட்டறைக்குச் சென்றனர். மெக்கானிக் வைப்பர் ரப்பரின் மேல் விரலை ஓட்டி, நடுவில் கீறியிருந்த இடத்தைக் காட்டினார். "இதை மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று, ஐயா?" என்று கேட்டார். இருவருக்கும் விடை தெரியவில்லை. வண்டி வாங்கிய நாள் முதல் அதே ரப்பர்தான் இருந்தது.

அன்று அவர் சொன்னவை எல்லார்க்கும் பயன்படக்கூடியவை. முதலில் பார்க்க வேண்டியது அளவு. வைப்பரின் நீளத்தை அங்குலத்தில் குறிப்பது வழக்கம். இரண்டு வைப்பர்களும் பல கார்களில் ஒரே நீளத்தவை அல்ல. ஓட்டுநர் பக்கத்தது பெரும்பாலும் நீளமாக இருக்கும். வண்டியுடன் தந்த கையேட்டில் உள்ள அளவையே வாங்க வேண்டும். நீளம் மிகுந்தால் ஒன்றோடொன்று இடிக்கும். குறைந்தால் துடைபடாத இடம் மிகும். பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றால், அது கையில் மாட்டும் கொக்கியின் வடிவமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

அடுத்தது வகை. இரும்புச் சட்டம் கொண்ட பழைய வகை விலை குறைவு. அது ரப்பரைச் சில இடங்களில் மட்டும் அழுத்துவதால், மூட்டுகளில் துருவும் தூசியும் சேர்ந்தால் அழுத்தம் ஒரு சீராக இராது. கடைகளில் ஃபிரேம்லெஸ் என்று கேட்டு வாங்கும் தட்டை வகையில், உள்ளே இருக்கும் வில் போன்ற எஃகுத் தகடு ரப்பரை நீளம் முழுவதும் சீராக அழுத்தும். வேகமாகச் செல்லும்போது காற்று அதனை எளிதில் தூக்குவதில்லை. கனமழையில் நெடுஞ்சாலைப் பயணம் செய்வோர்க்கு இது ஏற்றது. ஆயினும் கண்ணாடியின் வளைவோடு அது பொருந்த வேண்டும். மாட்டிய பின் இரு முனைகளும் கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று பார்ப்பது அவசியம். சட்டத்தின் மேல் உறை போட்ட ஹைபிரிட் வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ரப்பரில், கிராஃபைட் பூசியது ஒலியின்றி வழுக்கிச் செல்லும். சிலிக்கான் விலை கூடுதல், எனினும் வெயிலை நெடுநாள் தாங்கும். எதனை வாங்கினும் ஆண்டுக்கு ஒரு முறை இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு உரிய நாளைத் தேட வேண்டியதில்லை. பருவமழைக்குச் சற்று முன்னர் வருவது ஆயுத பூஜை. அன்றைக்கு எப்படியும் வண்டி கழுவப்படுகிறது. அப்போதே முன்கண்ணாடியைச் சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கின்றித் துலக்கி, ஒரு குவளை நீரை ஊற்றி வைப்பரை ஓட்டிப் பார்க்கலாம். கோடு விழுந்தாலும், தத்தினாலும், ஒலித்தாலும் புதியது வாங்கும் காலம் வந்துவிட்டது. கழற்றும்போது கண்ணாடியின் மேல் மடித்த துணியொன்றை விரிப்பது நலம். வெறும் இரும்புக் கை விசையோடு மடங்கி விழுந்தால் கண்ணாடி விரிசல் காணும். சந்தனமும் குங்குமமும் பானெட்டின் மேல் திகழட்டும். வைப்பர் ஓடும் இடத்தில் உலர்ந்த சந்தனம் ரப்பரின் விளிம்பைக் கெடுக்கும். வைப்பரில் மாலை சுற்றியிருந்தால், வண்டி எடுக்குமுன் அதனை அகற்றிவிட வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்தால் போதும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அதன்மேல் படலாகாது. தூசி படிந்த உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டுவதும் கூடாது.

கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டுமே வைப்பர் காக்கும். உட்புறம் ஆவி படிந்து மங்குவதற்குக் காரணம், பயணிகளின் மூச்சும் நனைந்த உடைகளும். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சும். குளிர்கிறது என்று பெரியவர்கள் அதனை நிறுத்தச் சொல்வது இயல்பே. நிறுத்துவதைவிட, குளிரைக் குறைத்து, காற்று முன்கண்ணாடியின் மேல் படும்படி திருப்பி வைக்கச் சொல்லலாம். போர்த்திக்கொள்ள ஒரு சால்வை இருந்தால் போதும்.

இத்தனையும் செய்த பிறகும், வைப்பரை முழு வேகத்தில் ஓட்டியும் வழி தெரியாத மழை உண்டு. புதிய ரப்பரை நம்பி அதில் வண்டியைச் செலுத்துவது தவறு. அவ்வேளையில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டு, வேகத்தைக் குறைத்து, பெட்ரோல் பங்க், உணவகம் போன்ற இடம் கண்டு சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த முடிவு பெரும்பாலும் ஓட்டுபவர் கையில் இருப்பதில்லை. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் சொல்லில் இருக்கிறது. "நடை சாத்திவிடுவார்களே", "மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏற்றிவிடுவார்களே" என்ற சொற்கள் மகனின் காலை ஆக்ஸிலரேட்டரில் அழுத்துகின்றன. பெற்றோரின் ஆசை நிறைவேறாமற் போகுமோ என்ற எண்ணத்திலேயே பிள்ளைகள் விரைகின்றனர்.

திண்டிவனத்து ஆசிரியர் இப்போதும் கிரிவலம் செல்கிறார். ஆயுத பூஜைக்கு வாங்கும் பொருள்களின் பட்டியலில் பொரி, கடலைக்குக் கீழே "வைப்பர் இரண்டு" என்று தம் கையாலேயே எழுதுகிறார். மழை வலுத்தால் மகன் கேட்பதற்கு முன்பே, "நிறுத்துப்பா, நின்று போவோம்" என்று அவர்தாம் சொல்கிறார். மலையின் மேல் ஏற்றிய தீபம் 11 நாள் எரிகிறது. சாத்திய நடை மறுநாள் விடியற்காலையில் மீண்டும் திறக்கும்.