சுண்ணாம்பு தடவிய முட்டி

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது காலை மணி ஆறு. அண்ணாமலை உச்சியில் வெயில் பட்டிருந்தது. கரையில் இன்னும் இருட்டு மிச்சமிருந்தது. அதற்குள் நான்கு பனைமரம் ஏறி இறங்கியிருந்தார் நான் பார்க்கப் போன பனையேறி அண்ணன். "லேட்டா வந்துட்டீங்க தம்பி. நல்ல மரம் ரெண்டு முடிஞ்சிபோச்சு" என்றார்.

ஐம்பத்தெட்டு வயது. காலில் தளை, இடுப்பில் அருவாப்பெட்டி, மரம் உரசி உரசி நெஞ்சில் கறுத்துக் காய்த்துப்போன இரண்டு தடங்கள். இந்தப் பருவத்தில் 18 மரத்தில் பாளை சீவுகிறார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று ஒரு நாளைக்கு 36 தடவை ஏறி இறங்க வேண்டும். தை பிறந்ததும் மரத்தில் கை வைத்தால் ஆனி வரைக்கும் ஓய்வு கிடையாது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூடச் சீவிவிட்டுத்தான் போனாராம். ஒருநாள் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து பாளை அடைத்துக்கொள்ளும்.

சீவிய துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். வெற்றிலை கனம்கூட இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் மங்கலாகத் தெரிந்தது. "கனமா சீவுனா பாளை சீக்கிரம் தீந்துடும். ரொம்ப லேசா சீவுனா ஊறாது. கைக்குத் தெரியணும்." அறுபதடி உயரத்தில், ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இந்தக் கனத்தில் சீவுகிறார். அதற்கென்றே மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தினமும் அருவா தீட்டுகிறார். இடுக்கியால் பாளையைப் பல நாள் நசுக்கிப் பதப்படுத்தினால்தான் முதல் சொட்டே விழும். ஆண்பனைக்கு ஒரு நசுக்கு, பெண்பனைக்கு வேறு நசுக்கு.

இவரைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பியர் பிடிக்கும். வேலைக்காக மியூனிக்கில் நான்கு வருடம் இருந்தபோது அதை ருசித்துக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே கோதுமை பியரை ஈஸ்ட்டோடு கலங்கலாகவே தருவார்கள். மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டும் அதில் கிடையாது. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. பவேரியாவில் 1516-இல் போட்ட பியர்ச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட்டை அது சொல்லவில்லை. அப்படி ஓர் உயிர் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

ஆனால் என்னை உலுக்கிய பியர் பிரஸ்ஸல்ஸில் கிடைத்தது. 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலை, லாம்பிக் என்ற பியரைச் செய்கிறது. காய்ச்சிய தானியச் சாற்றை, கூரைக்கடியில் இருக்கும் அகலமான செப்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. அந்த ஊர்க் காற்றிலும் அந்தக் கட்டடத்திலும் குடியிருக்கிற நுண்ணுயிர்களே வந்து விழுந்து வேலையைத் தொடங்குகின்றன. அந்தச் சமநிலை கெட்டுவிடக் கூடாதென்று சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவார்கள்; கோடையில் காற்றில் வேண்டாத கிருமிகள் கூடிவிடும். பிறகு மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்ததைக் கலந்து புட்டியில் அடைத்தால் அதற்கு கூஸ் என்று பெயர்.

அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் எனக்குப் புதுச்சேரிக் கள்ளுக்கடைதான் ஞாபகம் வந்தது. திருவண்ணாமலையிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். அங்கே கள் விற்பது குற்றமில்லை. நான் குடித்தது தென்னங்கள், பதினோரு மணிக்கு இறக்கியது. இனிப்பு இன்னும் போகவில்லை, நுரையில் லேசாகப் புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பின்னொரு முறை யாழ்ப்பாணத்தில் ஒரு தவறணையில் பனங்கள் குடித்தேன். அது இன்னும் கனமானது, வாயில் கடைசிவரை ஓலை மணம் நின்றது. கள்ளுக்கடையை அங்கே தவறணை என்கிறார்கள். ஓலையில் கோலிய கள்ளுப் பாத்திரம் பிளா. சீவுகிறவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன.

பியருக்குத் தானியத்தை முளைகட்டி, காயவைத்து, ஊறவைத்துத்தான் சர்க்கரையை வரவழைக்க வேண்டும். பனை அதைத் தயாராகவே தருகிறது. பாளையில் சொட்டும்போதே காற்றும் பழைய முட்டியும் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள். போதையும் பியர் அளவுதான், நூற்றுக்கு நாலைந்து பங்கு. மறுநாளைக்கு வைத்தால் காடியாகிவிடும். லாம்பிக்காரர்கள் மூன்று வருடம் காத்திருந்து பெறுகிற புளிப்பைப் பனை ஒரே பகலில் தந்துவிடுகிறது. பிரஸ்ஸல்ஸில் அந்தப் புளிப்பைத் தேடி அருங்காட்சியகத்துக்கு வருவதுபோல ஆள் வருகிறது.

இங்கே என்ன வருகிறது? அண்ணன் இறக்குவது கள் இல்லை, பதநீர். முட்டியில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் வைக்கிறது. "சுண்ணாம்பு கொறஞ்சா பதனி புளிச்சிடும். புளிச்சா கேஸு" என்றார் அண்ணன். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பியரை 2003 முதல் அரசே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. கலப்படம் என்பார்கள். கள்ளில் மயக்க மருந்து கலந்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். பாலிலும் கலப்படம் நடக்கிறது. அதற்காக மாட்டைக் கறக்கக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. சோதித்துப் பார்த்து விற்கலாம். குடி எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆலையில் செய்த பியர் கடையில் கிடைக்க, இந்த மனிதர் மட்டும் தன் கைவேலையைக் கண்டு பயப்பட வேண்டியிருப்பது எந்த வகையிலும் நியாயமாக எனக்குப் படவில்லை.

மூன்று முட்டிப் பதநீரைக் கலக்காமல் எனக்காகத் தனியாக வைத்திருந்தார். ஓலைப் பட்டையைக் கோலி ஒவ்வொன்றாக ஊற்றினார். முதலாவது வெறும் இனிப்பு. இரண்டாவதில் இளநுங்கின் மணம். மூன்றாவது கொஞ்சம் கரிப்பு, விழுங்கிய பிறகும் நாக்கடியில் நின்றது. சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "கரெக்ட்டு. அது ஏரி ஓர மரம். தண்ணி எறங்க எறங்க உப்பு தெரியும்." பதினெட்டு மரத்தையும் நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். மியூனிக்கிலும் பிரஸ்ஸல்ஸிலும் இப்படிப்பட்ட நாக்கு உள்ளவரைச் சுற்றி நாலு பேர் குறிப்பேட்டோடு நிற்பார்கள். இங்கே எல்லா முட்டியும் ஒரே கேனில் கொட்டப்பட்டு, வேலூர் ரோட்டோரம் போகிறது. விற்காதது வீட்டு அடுப்புக்கு. எட்டு லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம்.

"உங்க மரத்துக் கள்ளு எப்படி இருக்கும்ணா?"

உடனே பதில் வரவில்லை. "அப்பா எறக்குவாரு. தட போட்டப்ப எனக்கு இருபது வயசு. அதோ, அந்தக் கோணமரம். அதோட கள்ள மட்டும் விக்கமாட்டாரு. ஊர்ல இருந்து மாமா வந்தா அதுதான். எலந்தப்பழ வாசன அடிக்கும் தம்பி."

பேசிக்கொண்டே காலி முட்டி ஒன்றை எடுத்தார். சுண்ணாம்பை மூன்று விரலால் வழித்து, வாயிலிருந்து அடிவரை ஓரிடம் விடாமல் உள்ளே தடவினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, முட்டியை இடுப்பில் மாட்டி, கோணமரத்தில் ஏறத் தொடங்கினார்.