மகாராஜா மெட்டில் வரையாடு தேடி

சின்னமனூரில் ஜீப்புக்கு 3,000 ரூபாய் கேட்டார்கள். பேசாமல் பஸ்ஸுக்கே நின்றேன். தென்பழனி சோதனைச் சாவடி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் 18, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஏழாவதில் காது அடைத்துக்கொண்டது. பலகை படிப்பதை விட்டுவிட்டேன்.

தேடிப் போனது வரையாட்டை. மாநில விலங்கு என்று பெயர், வண்டலூரில் வேலிக்கு அப்பால்தான் பார்த்திருக்கிறேன். போட்ட தழையை அசைபோட்டபடி நின்ற கிடா. "மகாராஜா மெட்டுக்குப் போங்கண்ணே, பாறை பூரா அதுதான்" என்று கம்பத்தில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

மலைமேல் ஹைவேவிஸ் ஊரில் டீ 15 ரூபாய், நல்ல சூடு. இரவங்கலாறில் இறங்கி நடந்தேன். சாக்ஸுக்குள் இரண்டு அட்டை. இரண்டு பக்கமும் இடுப்புயரத் தேயிலை, சீவி விட்டதுபோல. வரையாடு மேய்வது புல்லில். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஏறுவது செங்குத்துப் பாறையில். இரண்டும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நான் நடந்த வழியில் பாறை தெரிந்த இடமெல்லாம் தேயிலைதான் அதன் காலடி வரை வந்திருந்தது.

மெட்டில் இரண்டு மணி நேரம் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். கீழே பள்ளத்தாக்கை மஞ்சு மூடி மூடித் திறந்தது. தேயிலைக்குள் ஐந்து காட்டுமாடுகள். எதிர்ச் சரிவில் பழுப்பாக ஒன்று நின்றது. அரை மணி நேரம் அசையவே இல்லை. கல்.

வரையாட்டுக்கென 2022இல் தமிழக அரசு அறிவித்த திட்டத்துக்கு 25.14 கோடி ரூபாய். ஆடு அற்றுப்போன மலைகளில் மறுபடி கொண்டுபோய் விடுவதும் அதில் உண்டு, புல்வெளியைச் சீர்செய்வதும் உண்டு. 2025இல் கேரளமும் தமிழகமும் சேர்ந்து எண்ணியதில் மொத்தம் 2,668. நம் பக்கம் 1,303. அற்றுப்போன இடத்தில் மறுபடி விட்ட கதை வேறொன்றும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்ற மான் 1972இல் காட்டில் அற்றுப்போனது. விலங்குக் காட்சிசாலைகளில் பெருக்கி 1982இல் ஓமான் பாலைவனத்தில் விட்டார்கள். பெருகியது. பிறகு திருட்டு வேட்டை வந்து பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனது. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஓரிக்ஸ்தான் நினைவில் ஓடியது. கொண்டுவந்து விட்டால் மட்டும் போதாது, விடும் இடமும் தயாராக இருக்க வேண்டும். இங்கே நாளை இருபது ஆட்டைக் கொண்டுவந்து விட்டால் எதை மேயும்? என்னைக் கேட்டால் புல்தான் முதலில்.

திரும்பும்போது பாறை இடுக்கில் காய்ந்த புழுக்கை கிடந்தது. சின்னச் சின்ன உருண்டை. கடமானுடையது இதைவிடப் பெரிது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன்.

"வரையாடா? இருபது வருசத்துல ரெண்டு தடவ பாத்துருக்கேன் தம்பி."

"வெள்ளாடு இங்கே வருமாம்மா?"

"லைன் வீட்டுல ஒண்ணு ரெண்டு வளக்குறாக. அதுவும் ஏறும்."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: காட்டுமாடு ஐந்து, புழுக்கை ஒரு பிடி. வரையாடு என்று எழுதிய இடத்தை அடித்தேன். பஸ் ஹாரன் கேட்டது.