பாட்டியின் குரலுக்கு அடியில் சில கோடுகள்

மட்டாஞ்சேரியில் தங்கிக் கொச்சித் தமிழரின் பேச்சு வழக்கைப் பதிவுசெய்துவரும் எனக்கும் ட்ரோன் கண்டறியும் தொழில்நுட்பத்துக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. சென்ற மாதம் ஓர் ஒலிப்பதிவைப் பிராட் மென்பொருளில் திறக்கும்வரை.

ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவில் துணி வெளுத்த பாட்டி ஒருவர், துணிகளுக்கு இடும் குறிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலி நிறமாலையில் அவர் குரலோடு 200, 400, 600 ஹெர்ட்ஸ் எனச் சம இடைவெளியில் கோடுகள் ஓடின. உயிரொலி ஒன்றை நீட்டினால் தோன்றும் அதே ஏணி. ஆனால் மூச்செடுக்காமல் இரண்டரை நிமிடம் எவரும் 'ஆ' என்று சொல்ல இயலாது. ஈரிதழ் விசிறி நொடிக்கு நூறு முறை சுழன்றால் 200 ஹெர்ட்ஸ். திருமணப் படமெடுக்கும் பேரன் மாடியில் புது ட்ரோனைச் சோதித்திருக்கிறான்.

ட்ரோனை ஒலியால் கண்டறிவோரும் இந்த ஏணியைத்தான் தேடுகிறார்கள். ரேடாருக்குச் சிறு ட்ரோனும் பறவையும் ஏறக்குறைய ஒன்றே. புறாக்களும் செம்பருந்துகளும் நிறைந்த மட்டாஞ்சேரி வானில் கேட்கவே வேண்டாம். சுழலும் இதழ்கள் எதிரொலிப்பில் ஏற்படுத்தும் நுண்ணதிர்வே வேறுபாட்டைக் காட்டும். வானொலி அலைவரிசையை ஒட்டுக்கேட்கலாம், முடக்கலாம். ஆனால் உக்ரைன் போரில் மெல்லிய கண்ணாடி இழையால் இயக்கப்படும் ட்ரோன்கள் அலை எதையும் வெளியிடுவதில்லை. அங்கே ஆயிரக்கணக்கான ஒலிவாங்கிகளைக் கம்பங்களில் கட்டி வானத்தையும் கேட்கிறார்கள். ஒலியியல் படித்தவருக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று என் பேராசிரியர்கள் சொன்னதில்லை.

2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளம் ட்ரோனால் தாக்கப்பட்டபின், கடற்படை தன் தளங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் ட்ரோன் பறக்கத் தடை அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், ட்ரோன்களைக் கண்டறிந்து முடக்கவும் லேசரால் வீழ்த்தவும் வல்ல டிஆர்டிஓ அமைப்புக்காகப் பாரத் எலக்ட்ரானிக்ஸுடன் ஒப்பந்தமும் செய்தது. ஃபோர்ட் கொச்சியிலேயே கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அதன் பெயர் ஐஎன்எஸ் துரோணாச்சாரியா என்பது தற்செயல்தான்.

என் ஆய்வுப் பதிவுகள் நாளும் இடமும் குறித்துப் பொது ஆவணக் காப்பகத்தில் சேர வேண்டியவை. அதாவது, அந்த இரண்டரை நிமிடம் ஒரு பையனுக்கு எதிரான சான்று. அவனிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "அக்கா, சத்தத்த வச்சே கண்டுபிடிப்பாங்களா? அத அழிச்சிடுங்க, ப்ளீஸ்."

வடிகட்டிப் பார்த்தேன். பாட்டியின் குரலும் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ்தான். விசிறியை நீக்கினால் அவர் குரலும் சிதைகிறது. தடைக்கு நியாயம் உண்டென்றே நினைக்கிறேன். அவன் தெரியாமல் செய்தான் என்பதையும் நம்புகிறேன். இனி அங்கே பறக்கவிடாதே என்று சொல்லிவிட்டு, அந்தப் பகுதியை வெட்டினேன். ஆய்வேட்டில் 'பதிவு தடைபட்டது' என்று மட்டும் குறிப்பு எழுதினேன். அது முழு உண்மையன்று.

மறு வாரம் பாட்டியிடம் மீண்டும் கேட்டேன். முன்பு பதினொரு குறிகளுக்குப் பெயர் சொன்னவர் ஏழோடு நிறுத்திக்கொண்டார்.

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே, கண்ணு" என்றார்.