சாம்பலில் தழைத்த கொடி

அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையை அடுத்துக் கேனரித் தீவுகள் அமைந்துள்ளன. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த அத்தீவுகளுள் ஒன்று லான்சரோட்டே. எரிமலைகளால் உருவான அத்தீவில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 150 மில்லிமீட்டரே. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றோ ஓய்வதே அரிது. ஆயினும், அந்நிலத்தில் திராட்சை விளைகிறது; அக்கனியிலிருந்து வடிக்கப்படும் மது கடல் கடந்தும் பெயர் பெற்றிருக்கிறது.

1730ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இரவில், திமான்பாயாப் பகுதியில் நிலம் பிளந்தது. அன்று தொடங்கிய எரிமலைச் சீற்றம் 1736 வரை தொடர்ந்தது. தீக்குழம்பு ஊர்களை மூடியது. விளைநிலங்கள்மீது சாம்பல் மழையெனப் பொழிந்தது. தீவின் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் புதையுண்டது. யாய்சா என்னும் ஊரின் பாதிரியார் ஆந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ, தாம் கண்ட அழிவை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். இறுதியில் அவரும் தம் மக்களுடன் வேறொரு தீவுக்குப் புலம்பெயர நேர்ந்தது.

அழிவுக்குப்பின் அந்நிலத்தில் வாழ முனைந்த உழவர்கள் சாம்பலின் மற்றொரு முகத்தைக் கண்டனர். அது நுண்துளைகள் நிறைந்த கருநிறச் சிறுகற்களின் குவியல். இரவின் பனியீரத்தை அது உள்வாங்கிக் கீழுள்ள மண்ணுக்கு அளிக்கும். பகலில் அம்மண்ணின் ஈரம் உலராதவாறு போர்வையெனக் காக்கும். பயிரை அழித்ததே பயிருக்குக் காவலாகவும் அமையும் என்பதை உணர்ந்தவர்கள், பழைய மண் தென்படும்வரை சாம்பலைத் தோண்டினர். புனல் வடிவிலான அக்குழிகளின் அடியில் திராட்சைக் கொடியை நட்டனர். காற்று வரும் திசையில், சாந்து பூசாமல் கற்களை அடுக்கிப் பிறைவடிவச் சுவர் எழுப்பினர்.

லா ஹெரியாச் சரிவுகளில் இத்தகைய குழிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் காணப்படுகின்றன. கரிய நிலத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு பசுந்துளியை ஏந்தி நிற்கிறது. அங்கு விளையும் திராட்சையுள் முதன்மையானது மால்வசியா என்னும் வெண்திராட்சை. 1775இல் நிறுவப்பட்ட எல் கிரிஃபோ என்னும் மது ஆலை இன்றும் இயங்கி வருகிறது.

எனினும், இம்மரபு எளிதில் நிலைப்பதன்று. ஒரு குழியில் பெரும்பாலும் ஒரு கொடியே வளரும். எனவே விளைச்சல் குறைவு. குழிகளுக்கிடையே இயந்திரம் நுழைய இயலாது. நடுவதும் கவாத்து செய்வதும் பறிப்பதும் மனிதக் கைகளே. காற்று அள்ளிவரும் சாம்பலை அகற்றாவிடில் குழி மெல்லத் தூர்ந்துவிடும். சுற்றுலா பெருகிய பின், வெயிலில் குனிந்து உழைப்பதினும் விடுதிப் பணி பலருக்கு எளிதாயிற்று. கைகள் விலகினால், எரிமலை தொடங்கியதைக் காற்று முடித்துவிடும்.

இதனை உணர்ந்தவர் அத்தீவில் பிறந்த கலைஞர் செசார் மான்ரிக்கே. 1968இல், படகுகளில் பயன்பட்டுக் கழிந்த பழைய நீர்த்தொட்டிகளைக் கொண்டு, தீவின் நடுப்பகுதியில் உயர்ந்ததொரு சிற்பத்தை அவர் எழுப்பினார். அது மன்னருக்கோ படைத்தலைவருக்கோ உரியதன்று. பெயர் அறியப்படாத உழவருக்கு உரியது. அங்கிருந்து சிறிது தொலைவில், அவ்வுழவரின் வழிவந்தோர் குழிகளுக்குள் இறங்கிச் சாம்பலை இன்றும் அள்ளிக்கொண்டிருக்கின்றனர்.