நாட்பொருத்தமும் தணிகை முருகன் அருளும்

செந்தமிழ்ப் புலவர் நூலியற்றப் புகுங்கால் முதன்மொழியை ஆராய்ந்து அமைத்தல் தொன்றுதொட்ட மரபாகும். அதற்குரியனவாகப் பாட்டியல் நூல்கள் விதிக்கும் பொருத்தம் பத்தனுள் நாட்பொருத்தம் என்பதும் ஒன்று. அது திங்களின் செலவை அடியாகக் கொண்டது. திங்கள் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் ஏறத்தாழ 19 நாழிகையும் ஆதலின், அவ்வட்டத்தை 27 நாண்மீன்களாகப் பகுத்து, எழுத்துக்களை அவற்றிற்கு உரிமையாக்கினர். அகரம் கார்த்திகைக்குரியது. பாட்டுடைத்தலைவன் பெயர்க்குரிய நாள்முதலாக ஒன்பதொன்பதாக எண்ணி, மூன்று, ஐந்து, ஏழாம் நாள்களை விலக்குவர். நூல் தொடங்கும் நாளையும் இவ்வாறே எண்ணித் தெரிவாருளர். வளர்பிறையிற் றொடங்கித் தேய்பிறையிற் றிருத்துவாருமுளர்.

ஆந்திர எல்லையையடுத்த திருத்தணிகையில் இவ்வாராய்ச்சி தனியே சிந்திக்கற்பாலது. ஆண்டுத் தெலுங்கர் திங்களின் வழி மாதங்கணிப்பர். தமிழர் ஞாயிற்றின் வழிக் கணிப்பர். ஆயினும் ஆடித்திங்களிற் சந்திரன் கார்த்திகையொடு கூடுநாளில் இருசாராரும் ஒருங்கே மலர்க்காவடி சுமந்து மலையேறுகின்றனர். எனவே, நாளை மதித்தல் குற்றமன்று. வழிபாட்டிற்கு அஃது உறுதுணையேயாம்.

ஆயின், நாளே கவியைத் தருமோ எனின், தாராது. இறைவனைப் பாடுவான் எந்நாளைத் தொடக்கமாகக்கொண்டு எண்ணுவான்? முருகப்பெருமான் பிறப்பிலி, கார்த்திகை அவனுக்குரியதாயது, பாலூட்டிய தாயர் அறுவரைச் சிறப்பித்தற்பொருட்டன்றோ? மேலும், ஒரு புலவன் நாற்பதாம் அகவையில் நூலொன்று நினைந்து, இன்று நாள் பொருந்தாது, நாளை திதி பொருந்தாது என்று ஏட்டைக் கட்டிவைத்தான் என்று கொள்வோம். திங்கள் தன் செலவை நிறுத்தாது. அவன் வாணாளும் நில்லாது. அறுபதில் கண்ணொளி குன்றிக் கைந்நடுங்குங்கால், ஏடு வெற்றேடாகவே கிடக்கும். அவன் அஞ்சி விலக்கிய தீநாள்களினும் அவனுக்குத் தீங்கிழைத்தது அவ்வச்சமேயாம்.

கந்தபுராண ஆசிரியராகிய கச்சியப்ப சிவாசாரியர்க்குக் காஞ்சிக் குமரகோட்டத்து இறைவனே முதன்மொழி எடுத்துக்கொடுத்தான் என்பது வரலாறு. அவர் நாடோறும் நூறு பாடல் இயற்றித் திருவடியில் வைத்தனர் என்ப. நாடோறும் என்றமையான், விலக்கப்பட்ட நாள் அவர்க்கு இல்லையென்பது பெறப்படும். தணிகையிற் றோன்றித் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர்பாற் பயின்ற கச்சியப்ப முனிவர் (மறைவு 1790) வேறொருவர். தணிகைப்புராணம், பேரூர்ப்புராணம், விநாயகபுராணம், காஞ்சிப்புராணத்து இரண்டாங்காண்டம் என்னும் இத்துணைப் பெருநூல்கள் இடையறாத உழைப்பானன்றி ஆகா.

முத்துசாமி தீட்சிதர்க்குத் தணிகையில் முதியவராய் வந்த முருகன் வாயிற் கற்கண்டிட, 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்னும் முதற் கீர்த்தனம் எழுந்தது என்பர். பின்னர் அவர் அசாவேரி இராகத்தில் சந்திரனையும் பாடினர். ஆயினும் தம் முத்திரையாகக் கொண்டது குருகுகன் பெயரையே. திங்களை வணங்கினர், திங்களுக்கு அஞ்சிலர். தணிகையைப் பாடிய அருணகிரிநாதரும் கந்தரலங்காரத்தில் நாளுங் கோளும் அடியாரை நலியா என்று துணிந்துரைத்தனர்.

சித்தாந்தம் கூறுவதும் இதுவே. கோள்கள் வினைப்பயனை ஊட்டும் கருவிகள், செலுத்துவான் இறைவன். கருவியைக் கண்டு கருத்தாவை மறத்தல் தகாது. ஆகலின், நாட்பொருத்தம் கற்க, முதன்மொழியைப் பேணுக, நன்னாள் வாய்த்தால் அந்நாளிற் றொடங்குக. வாயாதாயின், திருநீறணிந்து, ஐந்தெழுத்தோதி, இன்றே எழுத்தாணி எடுக்க.

தணிகைமலைக்கு ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாக 365 படிகள் உள. அவற்றுள் எப்படி தீயதென்று விலக்கி ஏறுவது? ஒவ்வொரு படியிலும் அடி வைத்தாரன்றோ உச்சியிற் சந்நிதி காண்பார்!

வேலும் மயிலும் துணை.