எலிக்குத் திறக்கும் கதவுகள்

'வொண்டர் பாய் 3: தி டிராகன்ஸ் டிராப்' தொடங்குவது இன்னொரு விளையாட்டின் கடைசிக் கட்டத்தில். முந்தைய பாகமான 'மான்ஸ்டர் லேண்ட்' எந்தக் கோட்டையில் முடிந்ததோ, அதே கோட்டைக்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதை ஆடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உடம்பு முழுக்கக் கவசம், கையில் நல்ல வாள், மேலே வரிசையாக இதயங்கள். எதிரிகள் சும்மா விழுகிறார்கள். நேராகப் போய் இயந்திர டிராகனைக் கொன்றுவிடலாம். கொன்றதும் அதன் சாபம் நம்மேல் இறங்குகிறது. வாள் போச்சு, கவசம் போச்சு, இதயங்களும் போச்சு. ஒரு பல்லி மனிதன் கோட்டையைவிட்டு வெளியே வருகிறான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உண்மையான ஆட்டம் இனிமேல்தான்.

1989-ல் சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்காக வெளிவந்தது இது. வடிவமைத்தவர் ரியூய்ச்சி நிஷிஸாவா. கம்பெனி பெயர் வெஸ்டோன். நிஷிஸாவாவில் உள்ள 'நிஷி' என்றால் மேற்கு. கூட்டாளி இஷிசுகாவின் 'இஷி' என்றால் கல். இரண்டையும் ஆங்கிலமாக்கி ஒட்டினால் கம்பெனி பெயர் வந்துவிடும். ஜப்பானியர்கள் இந்த மாதிரி விஷயத்தில் நம்ம ஊர் 'அன் சன்ஸ்' கடைக்காரர்களைவிடக் கற்பனைக்காரர்கள்.

இந்த வகை ஆட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகச் சொல்வது, 'குதித்து ஓடும் பிளாட்ஃபார்மர், அதில் கொஞ்சம் ஆர்பிஜி தூவியிருக்கிறார்கள்' என்று. ஏதோ பாயசத்தில் முந்திரி தூவியது போல. அந்தக் காலத்தில் தூவியவர்கள் பெரும்பாலும் எண்களைத்தான் தூவினார்கள். 1987-ல் வந்த இரண்டாவது 'ஸெல்டா'வில் எதிரியை அடித்தால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பலம் ஒரு படி ஏறும். பலத்துக்கு எட்டுப் படி, மந்திரத்துக்கு எட்டுப் படி, உயிருக்கு எட்டுப் படி. தரம் 1, தரம் 2 என்று வகுப்பேறி வந்த நமக்கு அது உடனே புரியும். 'டிராகன்ஸ் டிராப்'பில் அனுபவப் புள்ளியே கிடையாது. காசு சேர்த்து வாளும் கேடயமும் வாங்கலாம், தேடினால் கூடுதல் இதயம் கிடைக்கும், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் வளர்ச்சி என்று ஒன்று உண்டு, ஆனால் அது வேறு மாதிரி நடக்கிறது.

மம்மி டிராகனைக் கொன்றால் நாம் எலி ஆகிறோம். ஸோம்பி டிராகனைக் கொன்றால் பிரானா மீன். கடற்கொள்ளைக்கார டிராகனைக் கொன்றால் சிங்கம். சாமுராய் டிராகனைக் கொன்றால் பருந்து. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு தண்டனை. பல்லியாக இருந்தபோது தூரத்திலிருந்தே நெருப்பு துப்ப முடிந்தது. இப்போதுதான் அது கைக்குப் பழகியிருக்கும். அந்த நேரம் பார்த்து அதைப் பிடுங்கிக்கொண்டு எலியாக்கிவிடுகிறார்கள். எலியின் வாள் அதன் மூக்கைத் தாண்டினாலே பெரிய விஷயம். எதிரியை அடிக்க அவன் மடியில் போய் உட்கார வேண்டும். முதல் அரை மணி நேரம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகுதான் கவனித்தேன். சில சுவர்களில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் இருக்கின்றன. பல்லியாகப் பலமுறை அவற்றைக் கடந்து போயிருக்கிறேன். ஏதோ அலங்காரம் என்றுதான் நினைப்பு. எலி அதில் ஒட்டிக்கொள்கிறது. சுவரில் ஏறுகிறது, கூரையில் தலைகீழாக நடக்கிறது. ஒரே ஒரு கல் அளவு சந்துக்குள்ளும் நுழைகிறது. இடம் மாறவே இல்லை. நடுவில் அதே ஊர், அதைச் சுற்றி அதே கடல், அதே பாலைவனம். ஒவ்வொரு உடம்போடும் திரும்பி வரும்போது, முன்பு சுவராக இருந்தது வழியாகிவிடுகிறது. மீனுக்குக் கடலடி திறக்கிறது. சிங்கத்தின் வாள் மேலிருந்து கீழாகச் சுழல்வதால் தலைக்கு மேலே உள்ள கல்லும் காலடிக் கல்லும் உடைகின்றன. பருந்துக்கு வானம் திறக்கிறது, ஆனால் தண்ணீரில் பட்டால் அடி. எந்த உடம்பும் முந்தைய உடம்பைவிட முழுசாக மேல் என்று சொல்ல முடியாது. பருந்தாகப் பறந்துகொண்டிருக்கும்போது, 'சே, இந்த இடத்துக்கு எலிதான் வேணும்' என்று தோன்றும்.

நம் புராணங்களில் சாபத்தோடு விமோசனமும் சேர்ந்தே வரும். 'இன்னாருடைய பாதம் பட்டால் தீரும்' என்று முனிவரே சொல்லிவிடுவார். அதுவரை அகலிகை கல்லாகக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லாக இருந்த காலத்தில் அவளுக்கு என்ன தெரிந்தது என்று புராணம் கேட்பதில்லை. கூடுவிட்டுக் கூடு பாய்பவர்களுக்கும் கவலை எல்லாம் விட்டுவந்த பழைய உடம்பைப் பற்றித்தான். இந்த ஆட்டத்துக்குப் புது உடம்பின்மேல் ஆர்வம். எலியாகிவிட்டாயா, சரி, எலிக்கு என்ன தெரியும் என்று போய்ப் பார்.

குறை இல்லாமல் இல்லை. கடையில் சில பொருட்கள் கேள்விக்குறியாகவே தொங்கும். நம்மிடம் போதுமான 'கவர்ச்சி' இல்லையென்றால் அந்தப் பன்றிக் கடைக்காரர் விற்க மாட்டார். கண்ணில் கறுப்புத் துணி, வாயில் சிகரெட், அவர் நம் அழகை எடை போடுகிறார்! முதல் தடவை சிரிப்பு வரும். பிறகு அதற்கான கற்களைப் பொறுக்க ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும்போது சிரிப்பு வராது.

விளையாட்டும் இப்படித்தான் உடம்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பிசி எஞ்சினில் 'அட்வென்சர் ஐலண்ட்' என்று வேறு பெயர். 1992-ல் கேம் கியரில், கைக்கடக்கமாக. பிரேசிலில் 1993-ல் 'மோனிக்கா' காமிக்ஸ் பாத்திரங்களை உள்ளே வைத்து, மிருகங்களுக்குப் பதில் அந்தப் பிள்ளைகளை ஓடவிட்டார்கள். 2017-ல் பாரிஸைச் சேர்ந்த ஓமார் கோர்னுவும் பென் ஃபிகேயும் 'லிஸார்ட்கியூப்' என்ற பெயரில் திரும்பச் செய்தார்கள். கோர்னு பழைய நிரலைப் பிரித்துப் படித்து அப்படியே எலும்புக்கூடாக வைத்துக்கொண்டார். ஃபிகே அதன்மேல் கையால் வரைந்த தோலைப் போர்த்தினார். ஒரு பொத்தானை அழுத்தினால் புதுப் படம் போய் 1989-ன் கட்டம்கட்டமான படம் வரும். எலும்பு பழையது என்பதால் இன்னொன்றும் நடந்தது. பழைய ஆட்டத்தின் 14 எழுத்து பாஸ்வேர்டு புதிய ஆட்டத்திலும் வேலை செய்யும்.

என் தாய்மாமாவிடம் அந்த மாதிரி ஒரு பாஸ்வேர்டு இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூர் போய்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே கூட வேலை செய்தவரிடம் பழைய மாஸ்டர் சிஸ்டம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். அந்த ஆட்டத்தில் தேவாலயத்துக்குப் போனால் பாஸ்வேர்டு தருவார்கள். அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், வட்டிக் கணக்குக்குப் பக்கத்தில், எழுதி வைத்திருந்தார்.

மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. பயிற்சிக்குப் போய்வருகிறார். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப பழையபடி ஆகும்?" அவர் அதற்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

நோட்டைத் தேடி எடுத்தது அத்தை. ஓர் இடத்தில் 4-ஆ 9-ஆ என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தோம், இரண்டாவது தடவை திறந்தது. திரையில் பருந்து நின்றது. பக்கத்தில் முப்பது வருடத்துக்கு முன் அவர் சேர்த்த காசு. மாமா முதலில் அதைத்தான் பார்த்தார். "இவ்ளோ வச்சிருந்தேனா?" என்றார்.

"ஏன் மாமா முடிக்கல? ஒரே ஒரு டிராகன்தானே பாக்கி?"

"கல்யாணம் வந்துச்சு. மிஷின வித்துட்டேன் லா."

அத்தை சமையலறையிலிருந்து, "ஆமா, எல்லாம் என்னாலதான்," என்றார்.

ஸ்விட்ச்சின் கன்ட்ரோலர் இரண்டாகக் கழன்று வரும். இடது பாதி நகர்வதற்கு, வலது பாதி குதிக்கவும் வெட்டவும். இடதை நான் வைத்துக்கொண்டேன், வலது மாமாவிடம். ஒரு பருந்துக்கு இரண்டு ஆள். முதல் நாள் சுத்த மோசம். நான் போகும்போது அவர் குதிக்கவில்லை, அவர் குதிக்கும்போது நான் நின்றுவிட்டேன். தண்ணீரில் விழுந்து விழுந்து செத்தோம். மூன்றாவது நாள், "சத்தமா சொல்லு மா, நான் குதிக்கிறேன்," என்றார். அதிலிருந்து பேசிக்கொண்டே ஆடுகிறோம். போ, நில், இப்போ, இப்போ. வெளியே கேட்பவர்களுக்கு நாங்கள் சண்டை போடுவதாகத்தான் தோன்றும்.

புதுப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. "ரொம்ப அழகா இருக்கு, கண்ணு எங்க வைக்கிறதுன்னு தெரியல. பழசுக்கு மாத்து." மாற்றினேன். எனக்கும் சண்டைக் காட்சிகளுக்குப் பழசுதான் சரி. எது ஏறும் சுவர், எது வெறும் சுவர் என்று பளிச்சென்று தெரிகிறது.

ஊரிலேயே உருமாறும் அறை ஒன்று இருக்கிறது. அதுவரை கிடைத்த எந்த உடம்பை வேண்டுமானாலும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி டிராகனிடம் போகலாம் என்றுதான் உட்கார்ந்தோம். அந்த அறை வாசலுக்கு வந்ததும் மாமா பொத்தானைவிட்டு விரலை எடுத்தார்.

"அவசரமா?"

"இல்ல மாமா."

"அப்ப எலியா மாத்து. மேல, அந்தக் கூரை வழியா ஒரு தடவ போய்ப் பாப்போம். நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

மாற்றினேன். அவர் வலது கட்டைவிரலைக் குதிக்கும் பொத்தான்மேல் வைத்துக்கொண்டார். நான் சுவரை நோக்கி நகர்த்தி, "இப்போ," என்றேன்.