டேக்கை எடுத்தது யார்?

பெங்களூரு வெளிவட்டச் சாலையில், எங்கள் சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது: "அண்ணா, ஸ்விட்ச் விலான் டேக் போடவே மாட்டேங்குது." சான்றாக ஒரு டிசிபிடம்ப் கேப்சரைக் காட்டுவார்கள்.

ஸ்விட்ச் பக்கம் போகும் முன் இரண்டு கேள்வி கேட்பேன். 'ஈ' ஆப்ஷன் கொடுத்தாயா? அது இல்லாவிட்டால் டேக் இருந்தாலும் திரையில் வராது. எந்த இன்டர்ஃபேஸில் பிடித்தாய்? விலானுக்கென்று உருவாக்கிய துணை இன்டர்ஃபேஸில் பிடித்தால், டேக் கழன்ற பிறகுதான் பாக்கெட் அங்கே வரும்.

இரண்டும் சரியென்றால் கார்டைப் பார்க்க வேண்டும். 802.1க்யூ டேக் வெறும் 4 பைட். இரண்டு மேக் முகவரிகளுக்கும் அடுத்து உட்கார்ந்திருக்கும். அதன் கடைசி 12 பிட்தான் விலான் எண். 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பிரேம்கள் நொடிக்கு ஏறக்குறைய 1.48 கோடி வரலாம். ஒவ்வொன்றிலும் இதைப் பிரிக்கும் வேலையை சிபியுவின் தலையில் கட்டாமல் கார்டே செய்துவிடுகிறது. எண்ணைத் தனியாக டிரைவரிடம் தருகிறது. லினக்ஸ் கெர்னல் அதைப் பாக்கெட்டின் பைட்டுகளுக்கு வெளியே குறித்துவைக்கிறது.

டிசிபிடம்ப் பயன்படுத்தும் லிப்பீகேப் நூலகம் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி, டேக்கைப் பழைய இடத்திலேயே செருகித் தருகிறது. நாமே ரா சாக்கெட் திறந்து எழுதிய புரோகிராம், 'பாக்கெட் ஆக்ஸ்டேட்டா' ஆப்ஷனை இயக்காமல் விட்டால், டேக் இல்லாத பிரேம்தான் கைக்கு வரும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஃபில்டர்தான். ஃபில்டர் இல்லாமல் பிடித்தால் விலான் 100 தெளிவாகத் தெரிகிறது; 'விலான் 100' என்று ஃபில்டர் போட்டால் ஒரு பாக்கெட்கூட வருவதில்லை. பழைய லிப்பீகேப்பின் ஃபில்டர், ஹெக்ஸில் 8100 என்ற அடையாளத்தைப் பாக்கெட்டின் பைட்டுகளுக்குள்ளேயே தேடியது. அது ஓடுவதோ கெர்னலுக்குள், டேக் திரும்பச் செருகப்படுவதற்கு முன்பே. கண்ணுக்குத் தெரிவதை ஃபில்டர் பார்க்கவே இல்லை! புதிய பதிப்புகள் கெர்னலின் குறிப்பையும் பார்க்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் இடங்களில் பழைய பதிப்புகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஈத்டூலில் சிறிய 'கே' கொடுத்தால், கார்டு டேக்கைக் கழற்றும் 'ஆர்எக்ஸ்-விலான்-ஆஃப்லோட்' வசதி எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியும். பெரிய 'கே' கொடுத்து அணைக்கலாம். பக்கத்தில் 'ஃபிக்ஸ்டு' என்றிருந்தால் அந்த வழி இல்லை. சில டிரைவர்கள் இந்த மாற்றத்துக்காக கார்டையே ரீசெட் செய்யும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்ய நான் யாரையும் விடுவதில்லை. சோதனைக்கூடத்தில் அதே கார்டு, அதே டிரைவர் பதிப்போடு முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். பிறகும் டேக் வராவிட்டால், அப்போது ஸ்விட்ச்சின் டிரங்க் போர்ட்டைத் திறக்கலாம்.